அடம்பிடித்த ஐந்து வரிகள்

மென்பொருள் ஒரு கணக்குக்கு விடை காண முடியாமல் அந்த வரியைச் சிவப்பாக்கிவிட்டால், அந்த அலுவலகத்தில் "அடம்பிடிக்குது" என்பார்கள், ஏதோ குழந்தையைச் சொல்கிற மாதிரி. சிவப்பு வரியை அழித்துவிட்டு மேலே போவதுதான் அங்கே வழக்கம். அங்கே கணக்கு ஓட்டுகிற அவளும் அழித்தவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஐந்து வரிகளை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ரசாயன ஆலையில் மூலப்பொருளை வினைப்படுத்துகிற பெரிய கலமான ரியாக்டருக்கான கணக்கு அது. உள்ளே சூடு பிறந்துகொண்டே இருக்கும். சுற்றி ஓடுகிற குளிர்நீர் அதை வாங்கிக்கொண்டு போக வேண்டும். குளிர்நீரே சூடாக வந்தால் என்ன ஆகும்? இருபது டிகிரியிலிருந்து முப்பத்தாறு வரை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி ஓட்டிப் பார்த்தாள். முப்பத்தொன்று வரை சமர்த்தாக விடை வந்தது. முப்பத்திரண்டிலிருந்து எல்லாம் சிவப்பு. தொடக்க மதிப்புகளை மாற்றி மூன்று விதமாகப் போட்டாலும் அதே ஐந்து. நிமிஷம் நிமிஷமாக ஓட்டிப் பார்த்தபோது ரியாக்டரின் சூடு நிற்காமல் ஏறியது. அடமாவது மண்ணாவது! ரியாக்டர் கைமீறிப் போகும் என்று அது படித்துப் படித்துச் சொல்கிறது.

இந்தக் கணக்கை வைத்து அவள் எழுதப் போகும் அறிக்கையை நம்பித்தான் அடுத்த மாதம் ரியாக்டரைக் கம்ப்யூட்டர் கையில் கொடுக்கப் போகிறார்கள். ஃபீடை, அதாவது உள்ளே போகிற மூலப்பொருளை, நூறு சதவீதம் என்று ஒரே அளவில் பூட்டிவிடுவார்கள். ஆபரேட்டர் கைவைக்க முடியாது. அங்கே ஷிப்டில் நிற்கிறவர்களில் ஒருவர் அவளுடைய அக்கா புருஷன்.

மேலாளர் திரையை எட்டிப் பார்த்தார்.

"இருபது வருஷமா வெயில் காலத்துல தண்ணி முப்பத்தி நாலு வரைக்கும் வந்திருக்கு. லாக் புக்ல ஃபீட் நூறு. ஒண்ணும் ஆகலையே? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உனக்கு ஓட்டத் தெரியலேன்னா ரியாக்டர் மேல பழி போடாதேம்மா. அந்த அஞ்சு வரியையும் தூக்கு."

அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. மதியம் மாடிப்படியில் நின்று அத்தானுக்குப் போன் போட்டாள்.

"அத்தான், தண்ணி முப்பத்தி நாலு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஃபீடை எண்பதுக்கு இறக்கிடுவோம். இல்லேன்னா சூடு ஏற ஆரம்பிச்சிடும். சாயங்காலம் தண்ணி ஆறினதும் கூட்டி ஈடு கட்டிடுவோம்."

"லாக் புக்ல நூறுன்னு இருக்கே!"

"எண்பதுன்னு எழுதினா, ஏன் குறைச்சேன்னு மெமோ வரும். அதனால அது மட்டும் நூறு. சூட்டை உள்ளது உள்ளபடிதான் எழுதுவோம். எல்லா ஷிப்டும் அப்படித்தாம்மா."

"நல்லா இருக்கு போங்க! உங்க தலையில நீங்களே கொள்ளி வச்சுக்கிறீங்க அத்தான். அந்த நூறை நம்பித்தான் ஃபீடைப் பூட்டப் போறாங்க!"

"அப்ப உண்மையைச் சொல்லிடும்மா," என்றார் அத்தான். "என் பேரு வந்தாலும் பரவாயில்லை. உங்க அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

யார் பெயரையும் சொல்லும் அவசியம் வரவில்லை. ஃபீடை எண்பதாக்கி மறுபடி ஓட்டினாள். ஒரு வரிகூடச் சிவக்கவில்லை. முப்பத்து நாலுக்கு வந்த ரியாக்டர் சூடு, லாக் புக்கில் எழுதியிருந்த சூட்டிலிருந்து அரை டிகிரிகூட விலகவில்லை. நூறு என்பது பொய் என்று கணக்கே காட்டிக்கொடுத்துவிட்டது.

மேலாளர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். முகம் வெளுத்தது. பரவாயில்லையே, மனுஷனுக்கு உறைக்கிறதே என்று அவள் நினைத்தாள். அடுத்த நிமிஷமே அவர் தெளிந்துவிட்டார்.

"சரி, பூட்டறதை நிறுத்தச் சொல்லிடலாம். காரணம்னு ஒரு பத்தி வருமில்ல, அதுல எழுது: ஆபரேட்டர்கள் பொய்ப் பதிவு செய்தார்கள், ஒழுங்கு நடவடிக்கை தேவை. அத்தனை பேரையும் ஒரு வழி பண்ணணும்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! குறைத்தால் மெமோ என்று மிரட்டியது யார்? முகத்தில் அனல் அடிக்க வால்வைத் திருகி ஆலையைக் காப்பாற்றியவன் குற்றவாளி. ஏசி அறையில் உட்கார்ந்து சிவப்பு வரியைத் தூக்கச் சொன்னவர் நீதிபதி! என்ன ஐயா நியாயம் இது?

"எழுதறேன் சார்," என்றாள்.

காரணம் என்ற இடத்தில் தட்டினாள்: "ஃபீடைக் குறைத்தவர்களுக்கு மெமோ கொடுத்தோம். அதனால் அவர்கள் சொல்லாமல் குறைத்தார்கள். இருபது வருஷமாக இந்த ரியாக்டர் வெடிக்காமல் இருப்பது அவர்களால்தான்." கீழே தன் பெயரைப் போட்டாள். பெறுநர் வரிசையில் ஆலைத் தலைமை முதல் ஷிப்ட் அறை வரை எல்லாரையும் சேர்த்தாள்.

தோளுக்குப் பின்னாலிருந்து படித்த மேலாளர் குனிந்து சொன்னார். "இதை அனுப்பினா உன் வேலை போயிடும்."

"போகட்டும் சார். அவங்களைத் தண்டிச்சீங்கன்னா, அடுத்த வெயிலுக்கு எவன் சார் ஃபீடைக் குறைப்பான்?"

அவள் அனுப்பிவிட்டாள்.