அண்ணன் ஏறிய ரோபோ

ரோபோ மோதல் போட்டியின் அரையிறுதிக்கு அழைப்பு வரும்போது ரிமோட் யார் கையில் இருக்க வேண்டும் என்பதில், ஒரே வீட்டு மூன்று பேருக்குள் பேரம் சூடுபிடித்திருந்தது.

ரோபோவை ஓட்டுகிறவள் சின்னவள். இரும்புச் சட்டத்தைக் கட்டியவன் அவள் அண்ணன், ஒயர் இழுத்தவள் அண்ணி. காலையிலிருந்து எதிராளியை முட்டித் தள்ளும்போதெல்லாம், வேண்டாத விருந்தாளியைக் கண்டதுபோல ரோபோ இடப்பக்கமாக நழுவியது.

"உனக்குக் கை சாயுது. அடுத்த ஆட்டம் நான் ஓட்டுறேன்," என்றான் அண்ணன்.

"என் கை சாயல. மோட்டாரைப் பாரு."

"இடது மோட்டார் புத்தம் புதுசு. காலையில நானே மாட்டினேன்."

ரோபோவை மரக்கட்டைகள்மேல் தூக்கி வைத்துச் சக்கரங்களை அந்தரத்தில் சுழலவிட்டான். இரண்டும் ஜோடி சேர்ந்து சுற்றின. மீட்டரும் இரு பக்கமும் ஒரே வோல்டேஜைத்தான் காட்டியது. அழுகல் சரக்கைத் தலையில் கட்டிவிட்ட வியாபாரியின் களை அவன் முகத்தில்.

"மிஷின்ல கோளாறே இல்ல. குடு ரிமோட்டை."

சின்னவள் ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "சும்மா சுத்த எந்த மோட்டாருக்கு வலிக்கும்? பாரம் ஏத்திப் பாப்போம். நீ மேல உக்காரு. நேராப் போச்சுன்னா ரிமோட் உனக்கு."

"நானா?"

"வஞ்சனையில்லாத பாரம் இங்க நீங்கதானே இருக்கீங்க," என்றாள் அண்ணி.

முழங்கால் தாடையில் இடிக்க அவன் உட்கார்ந்தான். பக்கத்து அணிகள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தன. ரோபோ முனகிக்கொண்டே நடைபாதையில் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் இடது பக்கம் சாய்ந்து, அண்ணனோடு குப்பைத் தொட்டியில் போய் முட்டியது.

"நீதான் திருப்பின!"

"இல்லீங்க, ரிமோட் குச்சியை நேராத்தான் பிடிச்சிருந்தா. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அண்ணி சுவிட்சை அணைத்துவிட்டு ஒயர்களை விரலால் தடவிப் பார்த்தாள். வலது பக்கம் குளுகுளுவென்றிருந்தது. இடது பக்க இணைப்பைத் தொட்டதும் வெடுக்கென்று கையை இழுத்தாள். "அப்பாடி, என்னா சூடு!"

டேப்பை உரித்தால், ஒயரை மோட்டாரோடு இணைக்கும் கிளிப்பின் பிடியில் நாலைந்து செம்பு இழைகள்தான் இருந்தன. மற்றவை வெளியே சிலிர்த்துக்கொண்டு நின்றன.

"சும்மா சுத்த இது போதும். பாரம் வந்தா கரண்ட் எக்கச்சக்கமா இழுக்கும். இந்த இழையிலயே பாதி வோல்டேஜ் செத்துப்போய், மோட்டாருக்கு மிச்சம் மீதிதான் போகும். யாருங்க இதைப் போட்டது?"

அண்ணன் கூரையிலிருந்த விளக்கைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "அவசரத்துல... குறடால ஒரு நசுக்கு நசுக்கினேன்."

அண்ணி அதை வெட்டியெறிந்து, புதுக் கிளிப்பை அதற்கென்றே உள்ள கருவியால் அழுத்தி, பிடித்து இழுத்தும் பார்த்தாள். அசையவில்லை. இரண்டாவது சவாரியில் ரோபோ அண்ணனைச் சுமந்துகொண்டு நூல் பிடித்தாற்போல் வாசல்வரை போனது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

வாசலில் நின்ற நடுவர் குனிந்து கேட்டார்: "உங்க அணியைத்தான் கூப்பிட வந்தேன். ஓட்டுறது யாரு?"

"என் தங்கச்சி."

"அப்ப நீங்க?"

அண்ணன் எழுந்து பின்பக்கத் தூசியைத் தட்டிக்கொண்டான்.

"நான் எடைக்கல்லுங்க."