டிராயருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

மூடிப்போன ஒரு தையல் கம்பெனியிலிருந்து பழைய எம்பிராய்டரி மெஷின் வந்து இறங்கியபோது தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. துரு இல்லை, சத்தம் இல்லை, ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. மெஷின் இருக்கிற தைரியத்தில், நீச்சல் கிளப்புக்காரர்கள் தங்கள் விளையாட்டு ஜாக்கெட்டுகளில் டால்பின் தைத்துத் தரக் கேட்டதும் தலையாட்டிவிட்டாள்.

அப்புறம்தான் சிக்கல் தெரிந்தது. எதை, எப்படித் தைப்பது என்று அந்த மெஷினுக்குக் கம்ப்யூட்டர்தான் சொல்ல வேண்டும். கூடவே வந்த தடித்த வயரோ இன்றைய லேப்டாப் எதிலும் நுழையவில்லை. புதிதாக ஓர் இணைப்பு வாங்கி நடுவில் மாட்டியும் மெஷின் வாயைத் திறக்கவில்லை. அதன் காலத்துக் கம்ப்யூட்டர்தான் அதற்கு வேண்டுமாம்.

பஸ் ஓட்டும் கணவன், தன் தங்கையைக் கூப்பிடலாமே என்றான். தையல்காரியின் முகம் சுருங்கியது. நாத்தனார் லிஃப்ட் மெக்கானிக், கெட்டிக்காரிதான். ஆனால் கல்யாணமான புதிதில், பரிசாக வந்த சுவர்க்கடிகாரத்தைச் சும்மா உள்ளே பார்க்கிறேன் என்று கழற்றியவள், இரண்டு பல்சக்கரங்களை வெளியே மிச்சம் வைத்துவிட்டு மூடினாள். அதிலிருந்து இருவருக்கும் இடையே பட்டும் படாமலும்தான் பேச்சு. இருந்தும் கிளப்பின் ஜாக்கெட் மூட்டை மூலையில் காத்துக் கிடந்தது. அவளே போன் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் இரண்டு செத்த கம்ப்யூட்டர்களோடு வந்து நின்றாள். ஒன்று பல் டாக்டர் ஒருவர் கழித்துக் கட்டியது. இன்னொன்று ஏதோ ஒரு கட்டிடத்தின் லிஃப்ட் அறையில் கேட்பாரற்றுக் கிடந்தது. மூன்றாவதைக் கணவன் டிப்போவில் கேட்டு வாங்கி வைத்திருந்தான்.

மூன்றையும் பிரித்துத் தரையில் பரப்பிய பிறகு, நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "மூணையும் சேத்தா ஒண்ணு தேறும் அண்ணி."

"பல்சக்கரம் எதுவும் மிச்சமாகாம பாத்துக்கோ," என்றாள் தையல்காரி. வாய் தவறி வந்துவிட்டது. நாத்தனார் ஒரு கணம் திகைத்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். தையல்காரிக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

டிப்போ கம்ப்யூட்டரின் பவர் சப்ளை, ஸ்விட்சைப் போட்டதும் டப்பென்று வெடித்துப் புகைந்தது. தினமும் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸை நுழைக்கிற மனுஷன் சோபா மேல் ஏறி நின்றுகொண்டான். பல் டாக்டருடைய பவர் சப்ளை வேலை செய்தது, ஆனால் தேறிய மற்ற பாகங்களோடு சேர்த்து எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்கவில்லை. துணி வெட்டும் மேசையின் பெரிய டிராயரைத் தையல்காரி காலி செய்து கொடுத்தாள். மதர்போர்டு மரத்தில் ஒட்டி உட்காரக் கூடாது என்று நாத்தனார் சொன்னதும், கோட்டுக்குத் தைக்கிற தடித்த பிளாஸ்டிக் பொத்தான்களை ஒவ்வொரு திருகுக்கும் அடியில் வைத்தாள்.

மெமரியை அழிரப்பரால் தேய்த்துத் துடைத்துச் செருகியதும் திரை வெளிச்சமானது. கணவன் கைதட்டினான். தட்டி முடிப்பதற்குள் அணைந்துபோனது.

மறுபடி போட்டார்கள், மறுபடி அணைந்தது. சூட்டை இழுக்கிற அலுமினியக் கட்டி சிப்பின் மேல் சரியாகப் படியவில்லை. அதைப் பிடித்திருந்த கொக்கி உடைந்திருந்தது. இந்தக் கொக்கி இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது என்று நாத்தனார் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் குரல் இறங்கிப்போனது தையல்காரிக்கு என்னவோ போலிருந்தது.

"இறுக்கிப் பிடிச்சா போதுமாம்மா?"

"போதும் அண்ணி. ஆனா நாலு பக்கமும் ஒரே மாதிரி இறுகணும்."

"அது என் வேலை. நகரு."

ஜன்னல் திரைச்சீலை பொத்தென்று விழுந்தது. அதைத் தாங்கியிருந்த, பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பியைத் தையல்காரி கழற்றி வெட்டி, கட்டியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, சட்டைக் காலரை நிறுத்துகிற அதே கவனத்தோடு நான்கு மூலையிலும் கொக்கி போட்டாள். அதற்கு முன்பே நாத்தனார் கட்டிக்கு அடியில் சூட்டைக் கடத்தும் பசையைப் புதிதாகத் தடவியிருந்தாள். இருவர் தலையும் டிராயருக்குள் முட்டிக்கொண்டன.

இந்த முறை திரை அணையவில்லை. மெஷினோடு வந்த பழைய சிடியைப் போட்டு, வயரை மாட்டி, டால்பினை அனுப்பினார்கள். மெஷின் ஒருமுறை முனகிவிட்டுக் கடகடவென்று தைக்கத் தொடங்கியது. பதற்றத்தில் நூலை மாற்றிக் கோத்திருந்ததால், ஆரஞ்சு நிறத்தில் ஒரு டால்பின் நீல வாயைத் திறந்து சிரித்தது. நாத்தனார் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இதுக்குக் காமாலையா என்று கேட்டாள்.

மறுநாள் மாதிரி பார்க்க வந்த கிளப் செயலாளர் சரியான டால்பினைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். மேசை ஓரத்தில் கிடந்த ஆரஞ்சு டால்பினை எடுத்தவர் அதைக் கையிலிருந்து விடவில்லை. எல்லா ஜாக்கெட்டுக்கும் இதுவே இருக்கட்டும் என்றார். தண்ணீரில் தூரத்திலிருந்தே தெரியுமாம். எம்பிராய்டரி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு யார் நீந்துகிறார்கள் என்று தையல்காரி கேட்கவில்லை.

இப்போதெல்லாம் நாத்தனார் போன் செய்தால் அண்ணனைக் கேட்பதில்லை. பேச்சு நீண்டுகொண்டே போகும். தன்னிடம் போன் எப்போது வரும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற கணவன், கடைசியில் எழுந்து டீ போடப் போய்விடுவான்.