எண்ணெய் வட்டம்

தம்பியின் அறையைக் காலி செய்யத்தான் மிருணாளினி சிட்னியிலிருந்து விமானம் ஏறி வெரிபீக்கு வந்தாள். அவை திகார் நாள்கள் என்று அவளுக்குத் தெரியாது. வாசலில் வண்ணக்கோலம், நிலையில் செவ்வந்தி மாலை. பக்கத்து வீட்டு நாயின் கழுத்தில்கூட ஒரு மாலை தொங்கியது. நெற்றியில் சிவப்புப் பொட்டு. வீடு மாறி வந்துவிட்டோமோ என்று நின்றாள். கதவைத் திறந்த ரபின், நேபாளத்தில் தீபாவளியை ஐந்து நாள் கொண்டாடுவார்கள் என்றும், அதற்குத்தான் திகார் என்று பெயர் என்றும், இன்று நாய்களின் நாள் என்றும் கூச்சத்தோடு சொன்னான். முன்பே சொன்னால் அவள் வராமல் விட்டுவிடுவாள் என்று பயந்தானாம்.

ரபினும் அவன் அக்கா ஊர்மிளாவும் வாடகைக்கு எடுத்த வீடு அது. மூன்றாவது அறையில் தனோஜன் இருந்தான். ரபினும் அவனும் ஒரே களஞ்சியசாலையில் வேலை. ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தனோஜனின் காரில் பின்னால் வந்த லொறி ஏறியது. லொறிச் சாரதி நித்திரையாகிப் போயிருந்தான்.

செத்தவீட்டில் எல்லாரும் அழுதார்கள். மிருணாளினி வந்தவர்களுக்குச் சாப்பாடு ஒழுங்கு செய்தாள். அழுகை பிறகு வரும் என்றார்கள், வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கொடுப்பைப் போல இருந்தது. தொட்டால் தொடுவது தெரியும், அவ்வளவுதான். அப்படியே மாதங்கள் போய்விட்டன.

அறையில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. உடுப்புகளை மடித்துக் கறுப்புப் பைகளில் போட்டாள். கட்டில் தலைமாட்டில், ஆணியில் ஒரு மாலை தொங்கியது. ஊதா நிற வாடாமல்லிப் பூக்கள். காய்ந்திருந்தாலும் நிறம் போகவில்லை. இது யாருடையது என்று ஊர்மிளாவிடம் கேட்டாள்.

“நான் அவனுக்குப் போட்டது, போன திகாருக்கு” என்றாள் ஊர்மிளா.

ஐந்தாம் நாள் பாய் டீக்கா, அதாவது சகோதரனுக்குப் பொட்டு வைக்கும் நாள். சகோதரி சகோதரனைப் பாயில் இருத்தி, அவனைச் சுற்றி எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி வட்டம் போடுவாள். நெற்றியில் ஏழு நிறத்தில் பொட்டு வைத்து, வாடாத பூவில் மாலை போடுவாள். அந்த எண்ணெய் காயும்வரை, அந்தப் பூ வாடும்வரை யமன் அவனைக் கிட்ட நெருங்கமாட்டான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. உன் அக்கா சிட்னியில்தானே, வா வந்து இரு என்று ஊர்மிளா தனோஜனையும் ரபினுக்குப் பக்கத்தில் இருத்தியிருக்கிறாள். நெற்றி நிறைய நிறங்களோடு அவன் அனுப்பிய படம் மிருணாளினிக்கு ஞாபகம் வந்தது. அன்று அவள், இதென்ன கோலம் என்று பதில் எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாலையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். ஏதாவது வரும் என்று பார்த்தாள். வெளியே மழை தூறத் தொடங்கியது. மதில் மேல் காயப்போட்ட கால்மிதியை எடுக்கவேண்டுமே என்றுதான் மனதில் ஓடியது.

அடுத்த நாள் பின்னேரம் அந்தத் தெருவின் நேபாளிகள் மேளத்தோடு வீடு வீடாகப் பாடி வந்தார்கள். ஒருவர் முன்வரி பாட, மற்றவர்கள் ‘தேவ்சிரே’ என்று கூட்டாகச் சொன்னார்கள். ஊர்மிளா தட்டில் அரிசியும் விளக்கும் வைத்து வெளியே கொண்டுபோனாள். மிருணாளினி யன்னலுக்குள்ளே நின்று பார்த்தாள். ஒரு தாடிக்காரன் அவளைக் கண்டு கைகூப்பினான். அவளும் கைகூப்பினாள்.

டீக்கா அன்று முற்பகல், வாடகை வீட்டுக் கம்பளத்தில் எண்ணெய் பிரளாமல் இருக்கப் பிளாஸ்டிக் விரித்து, அதன் மேல் பாய் போட்டார்கள். ரபின் குளித்து, தொப்பி அணிந்து சப்பணம் கட்டி இருந்தான். அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருக்கக்கூடிய அளவு இடம் இருந்தது. அதை யாரும் நிரப்பவில்லை. ஊர்மிளா செம்பைத் தூக்கி, அறுகம்புல்லின் நுனியால் எண்ணெய் வடிய நடக்கத் தொடங்கினாள். பாதி வட்டத்தில் நின்றாள். செம்பை அப்படியே கீழே வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

ரபின் எழும்பவில்லை. நிலத்தைப் பார்த்தபடி இருந்தான். மிருணாளினிதான் பின்னால் போனாள்.

ஊர்மிளா சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன வருசம் இரண்டு பேரையும் ஒரே வட்டத்துக்குள்தான் இருத்தினேன் என்றாள். எங்கேயாவது இடைவெளி விட்டுவிட்டேனோ, தனோஜனின் பக்கம் எண்ணெய் குறைந்துவிட்டதோ என்று ஏப்ரலில் இருந்து யோசிக்கிறேன் என்றாள். இன்றைக்கு ரபினைச் சுற்றி நடக்கும்போது கை நடுங்குகிறது. நடுங்கும் கையால் ஊற்றினால் இடைவெளி விழும்.

ஆறுதல் சொல்லவேண்டும் என்று மிருணாளினிக்குத் தெரிந்தது.

“லொறிக்காரன் நித்திரையாகிட்டான்” என்றாள். “உன் எண்ணெய்க்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

“எனக்கு அது தெரியும். என் கைக்குத் தெரியவில்லை” என்றாள் ஊர்மிளா. பிறகு திரும்பி மிருணாளினியின் கைகளைப் பார்த்தாள். அவை நடுங்கவில்லை. “நீ ஊற்றுவாயா?”

தம்பியின் ஆட்டைத்திவசம் இன்னும் முடியவில்லை, ஒரு வருசத்துக்கு இப்படியான நல்ல காரியங்களில் நாங்கள் கைவைக்கமாட்டோம் என்று மிருணாளினி சொன்னாள். எங்களிடமும் அப்படித்தான் என்று ஊர்மிளா ஒப்புக்கொண்டாள். அப்போது முன்னறையிலிருந்து, அக்காவைக் கூப்பிட்டு, ரபினின் குரல் வந்தது.

“திதி, எனக்குப் பரவாயில்லை. அவள் ஊற்றட்டும்.”

மிருணாளினி செம்பை எடுத்தாள். அறுகம்புல்லைப் பிடிக்கும் விதத்தை ஊர்மிளா காட்டினாள். ஊர்மிளா நிறுத்திய இடத்திலிருந்து மிருணாளினி தொடங்கி, சுற்றை முடித்து, மேலும் இரண்டு தரம் மெதுவாகச் சுற்றி வந்தாள். கடுகெண்ணெய் மணத்தது. பிளாஸ்டிக்கின் மடிப்பு ஒன்றில் எண்ணெய் ஒதுங்கி ஓடியதைக் கண்டு, குனிந்து அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். ரபினுக்குப் பக்கத்திலிருந்த வெற்றிடத்தையும் வளைத்துத்தான் போனாள். வேண்டுமென்று செய்தாளா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கால் அப்படிப் போனது. தன் தம்பியைச் சுற்றி அவள் ஒருநாளும் இப்படி நடந்ததில்லை. அந்த நினைப்பும் வந்தது, நின்றது, போனது.

அதற்குப் பிறகு ஊர்மிளாவின் கை சரியாக வேலை செய்தது. ஏழு நிறங்களையும் வைத்தாள், மாலையைப் போட்டாள். யமனின் தடையை உடைப்பதாக வாசல்படியில் வால்நட் ஒன்றை வைத்துச் சுத்தியலால் ஒரே அடியில் நொறுக்கினாள். எதிர்வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

முறைப்படி ரபின் அக்காவுக்கும் பொட்டு வைத்தான். நிறத்தட்டோடு மிருணாளினியின் முன்னால் வந்து தயங்கினான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் தட்டை வைத்துவிட்டு, குனிந்து அவள் காலைத் தொட்டான். அவள் அவன் தோளைத் தட்டினாள். அரிசிமாவில் வளையமாகச் சுட்ட ஒரு ரொட்டியை ஊர்மிளா தட்டில் வைத்தாள். மிருணாளினி முழுவதையும் சாப்பிட்டாள்.

விமான நிலையத்திலிருந்து கணவன் நித்தியானந்தனுக்குப் போன் எடுத்தாள். அறை முடிந்துவிட்டது, உடுப்புகளைக் கொடுத்தாயிற்று, மாலையை மட்டும் ஊர்மிளாவிடமே விட்டுவிட்டேன் என்றாள். எண்ணெய் ஊற்றியதையும் சொன்னாள்.

“உமக்கு எப்பிடி இருந்தது?”

“ஒண்டும் தெரியேல்லை. கைதான் பிசுபிசுத்தது.”

“கூட்ட வரட்டே?”

“ஓம், வாங்கோ” என்றாள். வேறு நாளாக இருந்தால் டாக்சியில் வாறன் என்றிருப்பாள்.

விமானம் எழும்பியதும் நித்திரையாகிவிட்டாள். சிட்னியில் எல்லாரும் இறங்கி முடிந்த பிறகு, பணிப்பெண் வந்து தோளைத் தொட்டுத்தான் எழுப்பினாள்.