முதல் இரண்டு வெடி

துவக்கைக் கொடுத்த சார்ஜன்ட், "எண்ணெய் போட்டு வச்சது. துடைச்சிட்டுச் சுடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சோடியிடம் போய்விட்டார். றுஸ்தா சாக்கு விரிப்பில் முழங்காலை மடித்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து வெள்ளைத் துண்டுகளை எடுத்தாள். மருதமுனையில் அவளுடைய வாப்பாவின் தறியில் மிஞ்சிய பருத்திச் சீலை.

"இன்னும் உங்கட வாப்பாட சீலையத்தான் கொண்டு வாறியா புள்ள?" என்று பக்கத்தில் குந்தியிருந்த துஷாந்தினி சிரித்தாள்.

பள்ளிக்கூடக் கடேற் படையில் இருந்த பழைய பிள்ளைகளுக்கென்று அம்பாறையில் வைத்த சூட்டுப் போட்டி அது. இரண்டு பேருக்கு ஒரு துவக்கு, ஆளுக்குப் பத்து ரவை. பள்ளிக்கூடக் காலத்திலும் அப்படித்தான். றுஸ்தா இப்போது விஞ்ஞான ரீச்சர். தம்பிலுவில்காரி துஷா மட்டக்களப்பில் நேர்ஸ். போனில் கதைப்பதுண்டு. ஆனால் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பதின்மூன்று வருடம்.

றுஸ்தா சீலைத் துண்டைக் கோத்த கம்பியைத் துவக்கின் குழலுக்குள் விட்டாள். முதல் சீலை எண்ணெயில் ஊறி மண்ணிறமாக வந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் பழைய பயிற்சிச் சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. விடியற்காலை பஸ்ஸில் துஷா பிடித்து வைக்கும் யன்னலோரச் சீற். அவளுடைய அம்மா வாழையிலையில் கட்டிக் கொடுத்த பிட்டு. எண்ணெய்க் கையோடு அதைச் சாப்பிட முடியாமல் ஒருத்திக்கு ஒருத்தி ஊட்டிக்கொண்டது. றுஸ்தாவின் பர்தா காற்றில் பறந்து கண்ணை மறைத்தபோது துஷா தன்னுடைய கொண்டை ஊசியைக் கழற்றிக் குத்திவிட்டது.

இரண்டாவது சீலை மஞ்சளாக வந்தது. நாலாவது, போன மாதிரியே வெள்ளையாக வந்தது. ரவை போகும் குழியையும் ஒற்றி எடுத்துவிட்டு, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தாள். வரிகள் சுழன்று மினுங்கின.

அந்த நாளில் துடைத்து முடித்ததும் துஷா ஒன்றும் கேட்காமல் முதலில் படுத்துவிடுவாள். அவள் சுட்ட பிறகுதான் றுஸ்தா. தெரிவுப் போட்டியிலும் அதே ஒழுங்குதான். நூற்றுக்குத் துஷாவுக்கு எண்பத்தாறு, றுஸ்தாவுக்குத் தொண்ணூற்றொன்று. கொழும்புப் போட்டிக்கு ஒருத்திதான் போகலாம். றுஸ்தா போனாள்.

அங்கேதான் அவளுக்கு விசயம் விளங்கியது. அங்கிருந்த பயிற்சியாளர், துடைத்த துவக்கால் யாரையும் உடனே புள்ளிக்குச் சுட விடவில்லை. "குழல்ல எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கும். முதல் ரெண்டு மூண்டு வெடி சொன்ன இடத்துக்குப் போகாது. அத மண் மேட்டுக்குச் சுட்டுக் குழலப் பழக்கிட்டு வாங்க" என்றார். துஷாவின் இலக்குத் தாளில் ஓரமாகக் கிடந்த இரண்டு ஓட்டைகள் றுஸ்தாவின் கண்ணுக்குள் வந்தன. ஊருக்கு வந்தும் அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

இன்றைக்கும் மண் மேட்டுக்குச் சுட மேலதிக ரவை இல்லை. துஷா விரிப்பில் படுக்கக் குனிந்தாள்.

"நில்லுடி, இண்டைக்கு நான் முதல்" என்றாள் றுஸ்தா.

"என்ன புள்ள புதுசா? நான்தானே எப்பயும்."

"ஒருக்காச் சொன்னாக் கேளன்."

துஷா முகம் சுருங்கி விலகினாள். றுஸ்தா படுத்து, மூச்சை அடக்கிச் சுட்டாள். முதல் வெடி தாளிலேயே படவில்லை. பின்னால் மண்ணில் தூசி எழும்பியது. இரண்டாவது, தாளின் விளிம்பைக் கிழித்தது. மூன்றாவதிலிருந்து ரவைகள் நடுவட்டத்தைத் தேடிப் போயின. எல்லாம் சேர்த்து எழுபத்திரண்டு.

எழும்பியவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "கண்டியா? எண்ணெய்க் குழல்ல முதல் ரெண்டு வெடியும் தவறும். அது எப்பயும் ஒனக்குத்தான் விழுந்தது. நீ பிறகு சுட்டிருந்தா நீதான்டி கொழும்புக்குப் போயிருப்பாய். பதிமூணு வருசமா எனக்கிட்ட இருக்கு இது."

துஷா சிரித்துவிட்டாள்.

"அட மொக்கி! நான் ஒனக்காகவா முதல் போனன்? பயத்தில போனன். காத்திருந்து ஒன்ட வெடிச் சத்தத்தக் கேட்டா எனக்குக் கை நடுங்கும். இந்தா பாரன்."

அவள் நீட்டிய கை உண்மையாகவே நடுங்கியது. ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு ஊசி போடும் கை!

குழல் நன்றாகப் பழகியிருந்தது. ஆனாலும் துஷாவின் வெடிகள் தாள் முழுக்கச் சிதறின. ஐம்பத்தெட்டு. தாளைப் பார்த்து இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் சார்ஜன்ட் திரும்பிப் பார்த்தார்.

பின்னேரம் காரைதீவுச் சந்தியில் இறங்கினார்கள். ஊருக்குப் போகத் துஷாவுக்குத் தெற்கே பஸ், றுஸ்தாவுக்கு வடக்கே. தம்பிலுவில் பஸ் முதலில் வந்தது. துஷா ஏறவில்லை.

"அடுத்ததுல போறன். தேத்தண்ணி குடிப்பம் வா" என்றாள்.