ஐந்தாம் ஆட்டம் நடக்கவில்லை

1

இக்கதை ஒரு சரியான விடையிலிருந்து பிறந்தது. மில்வாக்கி என்ற அமெரிக்க நகரில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் நான். தவறான விடை எழுதி வருந்தியவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். சரியான விடை எழுதி வருந்தியவன், எனக்குத் தெரிந்தவரை, நான் ஒருவனே.

எப்படித் தொடங்குவது என்பதிலேயே மூன்று நாள் கழிந்துவிட்டது.

‘ஏப்ரல் மாத ஏரிக் காற்று வடக்குத் தெருக்களில் நுழைந்து…’ [ஏரிக்கு இதில் வேலையில்லை.]

‘வெர்னிஸ் டாலிவர் பேரழகி. எங்கள் பள்ளி அலுவலகத்தில் அவள் தட்டச்சு செய்யும் ஓசை…’ [உண்மைதான். ஆயினும் வெர்னிஸ் உயிரோடிருக்கிறாள். படித்தால் சிரிப்பாள்.]

ஆகவே வழக்கத்திலிருந்து தொடங்குகிறேன். கூடைப்பந்துப் பருவத்தின் இறுதியில் வரும் பிளே-ஆஃப் ஆட்டங்கள் தொடங்கும் சனிக்கிழமை வெர்னிஸின் வீட்டில் மூவர் கூடுவோம்: அவள், மாடியில் குடியிருக்கும் அவள் தம்பி கிளீவன், நான். முதல் சுற்றில் எட்டுத் தொடர்கள். முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணி மேலே போகும். ஒரு தொடர் நான்கு ஆட்டத்திலும் முடியலாம், ஏழுவரையும் நீளலாம். வெல்வது யார், எத்தனை ஆட்டத்தில் என்று ஆளுக்கொரு தாளில் எழுதுவோம். மையால்தான் எழுத வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது என்பது கிளீவனின் சட்டம். பின்னர் எங்கள் ஊர் அணியின் ஒவ்வோர் ஆட்டத்தையும் அவளுடைய சோபாவில் அமர்ந்து பார்ப்போம். முதல் சுற்று முடிந்ததும் கிளீவன் வடக்கே மீன் பிடிக்கப் போய்விடுவான், கூட்டம் கலைந்துவிடும். அடுத்த ஏப்ரல்வரை எனக்கு அவ்வீட்டுக்குச் செல்லக் காரணம் இராது.

(காரணமின்றிச் சென்றிருக்கலாமே என்பீர்கள். மனைவியை இழந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் அந்தத் துணிவு எனக்கு வந்ததில்லை.)

எங்கள் அணியின் தொடருக்கு நேரே வெர்னிஸ் ஆண்டுதோறும் ஒரே எண்ணைத்தான் எழுதினாள்: ஏழு. அணி வலுவாயிருந்த ஆண்டிலும் ஏழு, நொண்டிய ஆண்டிலும் ஏழு. அவளுடைய கணிப்பு பெரும்பாலும் பொய்த்தது. நான் அதைக் கேலி செய்தேன்.

2

சென்ற ஆண்டுச் சனிக்கிழமையை நடந்தவாறே எழுதுகிறேன். இப்பகுதியில் எதையும் நான் மாற்றவில்லை.

“எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க, பேராசிரியர் வந்துட்டாரு!” என்றான் கிளீவன்.

“வாயில கோழிய வச்சுக்கிட்டுக் கத்தாதடா. எல்ராய், நீ உள்ள வா. ஷூவைக் கழட்டு,” என்று வெர்னிஸ் என்னை அழைத்தாள்.

அறையின் ஓரத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

“மக டூசான் ஊர்ல இருக்காளே, அங்கயே வா வான்னு உசுரை எடுக்கறா. போயிடலாம்னு இருக்கேன்.”

“எப்போ?”

“நம்ம தொடர் முடிஞ்ச மறுநாள். லாரிக்காரன் தேதி கேட்டான். முடிஞ்சதும் கூப்பிடறேன்னு சொல்லிட்டேன்.”

“அப்ப அவன் எதிரணிக்குத்தான் கை தட்டுவான், பாவம்,” என்றான் கிளீவன்.

நான் தாளை எடுத்தேன். எதிரணி அவ்வாண்டு முதலிடத்தில் இருந்தது. எங்கள் நெட்டை ஆட்டக்காரனுக்கு முழங்காலில் அடி. இரண்டு வாரப் புள்ளிவிவரங்களை நான் குறிப்பேட்டில் எழுதி வந்திருந்தேன். எழுதினேன்: எதிரணி, நான்கு ஆட்டம்.

வெர்னிஸ் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“நாலா? நமக்கு ஒண்ணுகூடக் கிடையாதா?”

“அந்தப் பையனுக்கு முட்டி போச்சு வெர்னிஸ். கணக்கு அப்படித்தான் வருது.”

“கணக்கு கிடக்கட்டும். உனக்கு எத்தனை வேணும்?”

“எனக்கு வேணுங்கறதுக்கும் நடக்கப்போறதுக்கும் என்ன சம்பந்தம்?”

அவள் மீனைச் சூடாக்க அடுக்களைக்குப் போனாள். அன்று நான் கேட்க வேண்டிய வினா எதிர்வினாவாக என் வாயிலிருந்தே வந்தது. அதற்கு அவளிடம் விடை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

3

நான்கே ஆட்டங்கள். நான்கிலும் தோல்வி. என் வாழ்நாளின் மிகத் துல்லியமான கணிப்பு அது.

நான்காம் ஆட்டத்தின் கடைசி நொடியில் எங்கள் ஆள் எறிந்த பந்து வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தது. வெர்னிஸ் தொலைக்காட்சியை அணைத்தாள். மறுநாள் லாரி வந்தது. பெட்டிகளைத் தூக்க நானும் போனேன். “உடம்பைப் பாத்துக்க எல்ராய்” என்றாள், “நீயும்” என்றேன். அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை, எங்கள் ஊரில் வாரந்தோறும் நடக்கும் மீன் விருந்துக்குக் கூட்டம் சேர்ந்திருந்த மதுக்கடையில், இன்னும் வடக்கே கிளம்பியிராத கிளீவன் என்னெதிரே வந்து அமர்ந்தான்.

“பெரிய படிப்பாளி! ஏழு ஆட்டம்னா நீ ஏழு தடவை வருவே. நாலுன்னா நாலு. இந்தக் கணக்கு உனக்குத் தெரியலியா?”

“வெர்னிஸே சொன்னாளா?”

“எங்கக்காவா? அவ எதைச் சொல்லியிருக்கா? எனக்குத் தோணுச்சு, சொல்றேன்.”

அவனுக்குத் தோன்றியது. சான்று எதுவுமில்லை. வரலாற்று ஆசிரியன் ஒருவனுக்கு இதைவிடக் கொடிய தண்டனை கிடையாது.

4

இனி வருவது புனைவு.

நான்காம் ஆட்டத்தை மாற்ற ஒரே சொல் போதுமாயிருந்தது. பந்து வளையத்தைச் சுற்றி ‘வெளியே’ விழுந்தது என்பதை அடித்துவிட்டு ‘உள்ளே’ என்று எழுதினேன். எங்கள் அணி ஓர் ஆட்டம் வென்றது. லாரிக்காரன் காத்திருந்தான்.

ஐந்தாம் ஆட்டத்தையும் வென்றோம். வெர்னிஸ் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தபோது சோடா கவிழ்ந்தது; கிளீவனின் சட்டையெல்லாம் நனைந்தது. ஆறாம் ஆட்டத்தில் நெட்டையன் முழங்காலில் கட்டோடு இறங்கினான். [மருத்துவப்படி இயலாது. இருக்கட்டும்.] தொடர் மூன்றுக்கு மூன்று என்றாயிற்று.

இங்கே ஒரு தொல்லை. ஆறாம் ஆட்டத்தின் இடைவேளையில் வெர்னிஸை இப்படிப் பேசவைத்தேன்: “நீ வந்தா இந்த வீடே நிறைஞ்ச மாதிரி இருக்கு எல்ராய்.” இது வெர்னிஸின் பேச்சன்று, என் ஆசைக்கு அவளுடைய சேலையைச் சுற்றியது போல, [அவள் சேலை உடுத்துபவள் அல்லள், உவமை தவறு] அவளுடைய குரலைத் திருடி என் வாக்கியத்துக்குக் கொடுத்துவிட்டேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். இம்முறை அவள் தானாகவே பேசினாள்:

“எதுக்கு இப்படி இழுத்துட்டு இருக்கே? ஏழாவதும் முடிஞ்சா என்ன சொல்லப்போறே?”

‘போகாதே’ என்று எழுதினேன், அடித்தேன். ‘நானும் வரட்டுமா’ என்று எழுதினேன், அடித்தேன். ‘நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்’ என்பதை மட்டும் எழுதவேயில்லை. அதை ஏற்கெனவே சொல்லித் தோற்றாயிற்று.

ஏழாம் ஆட்டத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் வெல்கிறோம், மறுநாள் லாரி வருகிறது. மற்றொன்றில் தோற்கிறோம், மறுநாள் லாரி வருகிறது. இரண்டையும் உங்களுக்குக் காட்டுவதில் பயனில்லை.

5

இன்று சனிக்கிழமை. எங்கள் அணி இவ்வாண்டும் முதல் சுற்றில் இருக்கிறது. கிளீவன் தன் மாடிக்கு அழைத்தான். பிறகு வருகிறேன் என்றேன்.

காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. கிளீவனின் ஊகத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. டூசானில் வெர்னிஸ் இவ்வாண்டும் எங்கள் தொடருக்கு ஏழு என்று எழுதியிருந்தால், அந்த எண்ணுக்கும் எனக்கும் தொடர்பேயில்லை. அவள் நேசித்தது அணியை. வேறு எண் எழுதியிருந்தால், அத்தனை ஏழுகளும் எனக்காக எழுதப்பட்டவை. அவ்வளவையும் நான் கேலி செய்து தீர்த்தேன். இரண்டில் எது எனக்கு எளிது என்று தெரியவில்லை. இதுவரை படித்த நீங்கள் ஓர் எண்ணை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மையால்.

நண்பகல் ஆட்டத்துக்குச் சற்று முன் தொலைபேசியை எடுத்தேன்.

“யாரு, எல்ராயா? இங்க இப்பத்தான் காலை, இன்னும் காபிகூடக் குடிக்கல. யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிடுச்சா?”

“எல்லாரும் நல்லா இருக்கோம். ஒண்ணு கேக்கணும். நம்ம தொடருக்கு எத்தனை எழுதியிருக்கே?”

மறுமுனையில் கரண்டி கோப்பையில் மோதியது.

“[   ],” என்றாள்.

நான் என் தாளைப் பார்த்தேன்.

“என்ன, சத்தத்தையே காணோம்? நீ எத்தனை எழுதினே?”

என் முன்னே கிடந்த தாளில், புள்ளிவிவரங்களின்படி, எதிரணி, ஐந்து ஆட்டம் என்று எழுதியிருந்தது, மை உலர்ந்திருந்தது. நான் அவளுக்கு ஒரு விடை சொன்னேன். அதன்பின் அவள் நெடுநேரம் பேசினாள். ஆட்டத்தின் முதற்பாதி முழுவதையும் நான் பார்க்கத் தவறினேன்.

அவள் சொன்ன எண்ணுக்கு, மேலே உள்ள அடைப்புக்குறிக்குள் இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதியதை அங்கே இட்டுக்கொள்ளலாம். நான் சொன்ன விடைக்கு இடம் விடவில்லை. அது வாசகருக்குச் சொன்னதன்று.