ஆடாதொடைக் கஷாயம்

கட்டில் காலிலிருந்து புழக்கடைக் கதவு வரை கட்டியிருந்த கயிற்றை ஞானசுந்தரி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷத்து முடிச்சு. விரலுக்கு மசியவில்லை, பல்லால் கடித்து இழுத்தாள். கட்டிலில் அவள் புருஷன் சுந்தரராஜ் வாத்தியாருக்கு உயிர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் இன்னும் வாய்விட்டு அழவில்லை. அழுதால் அக்கம்பக்கம் வந்துவிடும். வருவதற்குள் இந்தக் கயிறு போயாக வேண்டும்.

சுருட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் திணித்தாள். அடுத்து அவருடைய சிலேட்டு. விரலால் தடவி எழுதுவதற்கென்று அவளே ஆணியால் கோடு கீறிக் கொடுத்தது. அதை விறகுக்கு அடியில் சொருகினாள். பிறகு மூக்குக்கண்ணாடியை முந்தானையால் துடைத்து அவர் முகத்தில் மாட்டினாள். மூக்கு சில்லிட்டிருந்தது. பார்வை போன பிறகு, ஊரார் பார்க்கட்டும் என்று வாங்கிய கண்ணாடி அது.

வாத்தியாருக்குக் கண் தெரியாது என்பது ஆண்டர்சன்பேட்டையில் இரண்டே பேருக்குத் தெரிந்த ரகசியம். இனி ஒருத்திக்கு.

மதராஸில் படித்தவர் அவர். தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு, காலை ஷிப்டு முடிந்த மத்தியானங்களில், சபைப் பள்ளிக்கூடத்தில் நீராவியும் அழுத்தமும் நெம்புகோலும் சொல்லிக்கொடுத்தார். மின்சாரம் வந்த பிறகு அதையும் தானே படித்துச் சொல்லிக்கொடுத்தார். பாடம் முடிந்ததும் பரீட்சை வைத்து, தேறினவனுக்கு ஒரு கடுதாசி எழுதித் தருவார். அந்தக் கடுதாசியைப் பார்த்துத்தான் கம்பெனி, கீழே கல் அள்ளுகிறவனை மேலே கொண்டுவந்து பாய்லரிலும் பம்பிலும் வைத்தது.

கண் போன பிறகு மட்டும் பதினோரு கடுதாசிகள். விடைகளை அவள் படிப்பாள், அவர் தீர்மானிப்பார், கையெழுத்துப் போடும் இடத்தில் அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து வைப்பாள். குருடன் கொடுத்த கடுதாசி என்று தெரிந்தால் பதினொன்றும் கிழிபடும். பதினோரு பேரும் மறுபடி கீழே இறங்கிக் கல் அள்ள வேண்டும்.

அதனால்தான் ஐந்து நாள் ஜுரத்துக்கும் டாக்டரைக் கூப்பிடவில்லை. கம்பெனி டாக்டர் யாரைப் பார்த்தாலும் முதலில் இமையைத் தூக்கி விளக்கைக் காட்டுவார் என்று ஊரே சொல்லும்.

"டாக்டர் வேணாம், சுந்தரி. பதினோரு பேர் இருக்காங்க" என்றார். அவர் சொன்னார், அவள் கேட்டாள். மார்பு விசில் அடிப்பதைக் கேட்டுக்கொண்டு, கதவைத் தாழ்போட்டு ஜெபம் பண்ணினாள்.

மூன்றாம் நாள் டக்ளஸ் வந்து கதவைத் தட்டினான். அவருடைய மாணவர்களில் கெட்டிக்காரன்.

"அம்மா, டாக்டர இட்டாரட்டுமா? வண்டி கூட இருக்குது."

"வேணாம்பா. தேவலையாயிடுச்சி. தூங்குறாரு."

அவளுக்குப் பின்னால் அவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். டக்ளஸ் உடனே போகவில்லை. கதவிடுக்கில் அவன் கால் நிழல் வெகு நேரம் இருந்தது. பிறகு, "சரிம்மா, எதுனா வேணும்னா கூப்புடுங்க" என்று போய்விட்டான். போகட்டும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

இப்போது எல்லாவற்றையும் ஒளித்தாயிற்று. ஞானசுந்தரி தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, அவர் கால்மாட்டில் விழுந்து அலறினாள்.

முதலில் பக்கத்து வீட்டுத் தாயம்மா ஓடிவந்தாள். வந்ததும் கேட்டது, "டாக்டரு இன்னா சொன்னாரு?" ஞானசுந்தரி இன்னும் உரக்க அழுதாள். தாயம்மாவும் அப்புறம் கேட்கவில்லை.

பத்து மணிக்கெல்லாம் மாணவர்கள் வந்துவிட்டார்கள். கைலியும் கரியுமாக, சிலர் ராத்திரி ஷிப்டிலிருந்து நேராக. சுவரோரமாக உட்கார்ந்தார்கள். இன்பராஜ் முதலில் வாயைத் திறந்தார். பாய்லர்க்காரர், வாத்தியாரைவிடப் பத்து வயது மூத்தவர்.

"மொத நாளு சிலேட்ட எடுத்துக்கினு உள்ள போக எனக்கு வெக்கம். வாசல்லயே நிக்கிறேன். 'வாங்கண்ணே, உங்களுக்காகத்தான் இன்னும் ஆரம்பிக்கல'ன்னாரு. படிச்ச மனுசன், என்னைப் போயி அண்ணேன்னு கூப்புட்டாரு. அன்னிலேருந்து ஒரு நாளு நான் லேட்டா போனதில்ல."

"என் கத கேளுங்க" என்றான் பம்புக்கார ராஜப்பா. "கிராசின் டின்னுல கொஞ்சம் தண்ணி ஊத்திக் கொதிக்க வெச்சாரு. மூடிய இறுக்கி, மேல பச்சத்தண்ணிய ஊத்தினாரு. டின்னு தானா டமார்னு நசுங்கிச்சி. முனி பூந்துட்ச்சின்னு நான் ஜன்னலேறிக் குதிச்சி பாலகாட் சுரங்கம் வரிக்கும் ஓட்டம். மறுநாளு இன்னா கேட்டாரு தெரியுமா? 'ராஜப்பா, அந்த முனி எவ்ளோ எடைன்னு கணக்குப் போட்டியா?'"

எழவு வீட்டில் சிரிப்பு வெடித்தது. ஞானசுந்தரிக்கே உதடு துடித்தது.

"அன்னிக்கு அய்யாவுக்குக் கையெல்லாம் கொப்புளம். அடுப்பு எங்க கீதுன்னு அவருக்கு..."

இன்பராஜ் திரும்பிப் பார்த்தார். ராஜப்பா நிறுத்திக்கொண்டான். ஞானசுந்தரி எட்டி அவர் கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"பேச்சு மும்முரம். அய்யா கவனிச்சிருக்க மாட்டாரு" என்றார் இன்பராஜ்.

அடுத்து டக்ளஸ் பேசினான். வைண்டிங் எஞ்சின் டிரைவர் அவன். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் அவன் கையில்தான் ஓடுகிறது.

"மீட்டரு முள்ள மட்டும் நம்பாத டக்ளஸ், காத வெச்சிக் கேளும்பாரு. போன மாசம் முள்ளு சரியாத்தான் காட்டுது, சத்தம் மட்டும் ஒரு மாதிரி. நிறுத்திட்டேன். பாத்தா பிரேக்குல ஒரு ஆணி கழண்டிருக்குது. கேஜுல முப்பது பேரு." அவன் கதவைப் பார்த்தான். "அதச் சொல்லலாம்னுதான் அன்னிக்கு வந்தேன்."

அன்றைக்குக் கதவைத் திறந்திருந்தால் அவர் அதைக் கேட்டிருப்பார்.

மணி இரண்டானதும் அவள் எழுந்து போய் அடுப்பில் ஆடாதொடைக் கஷாயம் வைத்தாள். தினமும் அந்த நேரத்துக்கு டக்ளஸோ ராஜப்பாவோ வாத்தியாரை வகுப்புக்கு அழைத்துப்போக வருவார்கள். வாசலில் மூன்று படி, பதினாலு அடியில் சாக்கடைப் பலகை, அப்புறம் நாற்பது அடியில் திருப்பத்துக் கல் என்று அவள்தான் அவருக்குக் கணக்கு சொல்லிப் பழக்கியிருந்தாள். கையைப் பிடிக்காமல், கம்பு ஊன்றாமல் அவர் நடப்பதைப் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருக்கும். முன்னால் போகிறவர்கள்தான் இருமிக்கொண்டே போவார்கள். பாவம், கல்தூசி நெஞ்சைத் தின்கிறது என்று நினைத்து வேலியிலிருந்து ஆடாதொடை பறித்துக் காய்ச்சி, கிளம்புமுன் ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுப்பாள். வேப்பெண்ணெய் குடிக்கிற முகத்தோடு குடிப்பார்கள். ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை.

டம்ளரை டக்ளஸிடம் நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மூன்று மணிக்குச் சபை ஐயர் வந்து ஜெபம் செய்தார். பெட்டியை மூடுமுன், "கண்ணாடிய எடுத்துடலாமா?" என்று கேட்டார்.

"வேணாம்" என்று ஞானசுந்தரி பதறினாள்.

"இருக்கட்டும் ஐயரே. அய்யாவுக்கு அது வேணும்" என்றார் இன்பராஜ்.

பெண்கள் வாசலோடு நின்றார்கள். ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். டக்ளஸ் தோள் கொடுக்கவில்லை. முன்னால் போய் நின்றான். தப்பித்தோம் என்று அவள் நினைத்தாள். ஒருவருக்கும் தெரியாமலே அவர் போகிறார், பதினோரு கடுதாசியும் பத்திரம்.

முதல் படியில் டக்ளஸ் இருமினான். இரண்டாவது படியில் இருமினான். மூன்றாவதிலும். பெட்டி அவனுக்குப் பின்னால் ஒவ்வொரு படியாக இறங்கியது. சாக்கடைப் பலகை வந்ததும் அடுத்தடுத்து இரண்டு தரம் இருமினான்.

"அந்தப் புள்ளயயும் தூசி புட்ச்சிகிச்சி, பாவம்" என்றாள் தாயம்மா.

"டக்ளஸ் கீழ எறங்குறவன் இல்ல தாயம்மா. அவனுக்கு மேல எஞ்சின் ரூமுலதான் வேல."

சொல்லிவிட்டு ஞானசுந்தரி அப்படியே நின்றாள். காலையிலிருந்து இவ்வளவு நேரம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்களே, ஒருவர்கூட இருமவில்லை.

நாற்பது அடி தள்ளி, திருப்பத்துக் கல்லருகே, இன்னொரு இருமல் கேட்டது. பெட்டி சரியாக அங்கே திரும்பியது.

"உள்ள வா, ஞானம்" என்று தாயம்மா கையைப் பிடித்து இழுத்தாள். அவள் நகரவில்லை. மறு கை, அன்றைக்கு டக்ளஸுக்குத் திறக்காத தாழ்ப்பாளின் மேல் இருந்தது. அதைத் திறந்தாள், போட்டாள், மறுபடியும் திறந்தாள்.