கிரகணம் பார்க்க வெட்டிய படம்

கையில் விளக்குமாறு இருந்திருந்தால் கொழுந்தன் சக்கரபாணியை அன்றைக்கு அதாலேயே அடித்திருப்பாள் தையல்நாயகி. எக்ஸ்ரே உறை பீரோ மேல் வைத்தது வைத்தபடி இருந்தது. உள்ளே இருந்த படத்தில் நுரையீரல் இரண்டையும் கத்தரித்து எடுத்திருந்தான் படுபாவி.

“சூரிய கிரகணம் பாக்கத்தான் அண்ணி வெட்டினேன். அந்த எடந்தான் நல்லா கறுப்பா இருந்துச்சு. தெருவே பாத்துச்சு.”

“தெரு வேடிக்க பாக்க எம்புருசன் நெஞ்சுதான் கெடைச்சுதா?”

அவள் கத்தியதில் வளவனூர் முழுக்கக் கேட்டிருக்கும். கத்தாமல் என்ன செய்வாள்? அந்தப் படம் தை மாதம் விழுப்புரத்தில் எடுத்தது. இருமல் என்று போன அவள் கணவர் சுப்பராயலுவின் படத்தை அங்கிருந்த டாக்டர் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே, “வெறும் சளி” என்றார். எட்டு மாதம் மருந்து குடித்தும் இருமல் நிற்கவில்லை. இப்போது திண்டிவனத்தில் புதுப் படம் எடுத்த டாக்டர், வலது நுரையீரலில் கட்டி இருக்கிறது என்றார்.

“பழைய படம் இருந்தா கொண்டாங்க. அதே அளவா இருந்தா பயமில்ல, விட்டுடலாம். வளந்திருந்தா உடனே மெட்ராஸ் போயி ஆபரேசன் பண்ணணும்” என்று சொல்லியிருந்தார்.

“வலது பக்கத் துண்டு எங்கடா?”

“அது சரியில்ல அண்ணி. கறுப்புக்கு நடுவுல வெள்ளையா ஒரு பொட்டு. அது வழியா வெயிலு கண்ணக் கூசுச்சு. வேணாம்னு மோட்டார் கொட்டாய்ல சொருவி வச்சேன்.”

தையல்நாயகி கரும்புக் கொல்லை வழியாக ஓடினாள். துண்டு கொட்டாய்க் கூரையில்தான் செருகியபடி இருந்தது. ஒட்டியிருந்த ஒட்டடையை முந்தானையால் துடைத்தாள்.

மறுநாள் திண்டிவனத்து டாக்டர் துண்டை அதன் ஓட்டையில் பொருத்தி, இரண்டு படங்களையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். அளவை ஒப்பிட, இரண்டும் எக்ஸ்ரே குழாயிலிருந்து ஒரே ஆறடி தூரத்தில் எடுத்தவைதானா என்று சரிபார்த்துவிட்டு, ஸ்கேலை வைத்தார்.

“அப்ப ஒம்பது மில்லிமீட்டர். இப்ப பதினெட்டு. அகலம் ரெண்டு மடங்குன்னா பருமன் எட்டு மடங்கும்மா. எம்பது நாளைக்கு ஒரு தடவ இரட்டிச்சிருக்கு. நாளைக்கே மெட்ராஸ் போங்க, கடிதம் தர்றேன்.”

“அப்பவே இருந்துதுங்களா?”

“இருந்துதும்மா.”

“தெரியுற மாதிரியா?”

டாக்டர் ஸ்கேலை மேசையில் வைத்தார். “நல்லாவே தெரியுது” என்றார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. சூரியனைப் பார்க்கத் துண்டை எடுத்த சக்கரபாணிக்குத் தெரிந்த பொட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு படத்தைப் பார்த்தவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் கட்டி இதில் எட்டில் ஒரு பங்குதான் இருந்திருக்கும்.

பஸ் ஸ்டாண்டில் சுப்பராயலு மெல்ல இருமினார். “ஜல்தி வா தையலு. வூட்டுக்குப் போயி துணி எடுத்து வைக்கணும். காலையில மெட்ராஸ் போவணும்.”

“மெட்ராஸ் நாளைக்குதான? வூட்டுக்குப் போற பஸ்ஸு விழுப்புரம் வழியாத்தான போவுது?” படங்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். “அங்க எறங்குறோம். நீ ஒண்ணும் பேச வேணாம், ஒக்காந்துக்கினு இரு. நான் பேசுறேன்.”